ஒரே மூடியில் கலக்கிய மருந்து

ஆஸ்பத்திரி வராந்தாவில், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளே, உனக்காகத்தான் எழுதுகிறேன். அந்த பெஞ்சில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

எனக்கு முதலில் விடாத காய்ச்சல் வந்தது. பிறகு வாய்ப்புண். கோட்டாற்றில் அறை எடுத்துப் பாலியல் தொழில் செய்துவந்தேன். ஊசியில் போதை மருந்தும் போடுவேன். நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. பரிசோதனை செய்யுமிடம்) கிருமி இருப்பதாகச் சொன்ன டாக்டரம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

"ஆணுறை இல்லாம ஒருத்தனையும் பக்கத்துல விடமாட்டேன். ஊசியும் அவரவருக்குத் தனியாட்டுதான். பின்ன எப்பிடி வந்துது?"

"மருந்தை எதுல கலக்குவீங்க?"

"சோடா பாட்டில் மூடியில."

"எல்லாரும் ஒரே மூடியிலயா?"

ஊசி நுனியில் ஒட்டிய ரத்தம் மூடியிலும் கலக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. ஊசியைப் பொத்திப் பொத்தி வைத்தோம். ஆனால் ஊசி போட அறைக்கு வந்த அத்தனை பேரும் ஒரே மூடியில் ஊசியை முக்கி எடுத்தோம். அலசியதும் ஒரே தண்ணீரில். பெரிய சுத்தக்காரிகள்!

அறைத்தோழி லில்லிக்கும் அதே தொழில், அதே மூடி. அவளைப் பரிசோதனைக்குக் கூப்பிட்டேன்.

"சும்மா கெட ஏட்டி. எனக்குப் பேடியா இருக்கு."

"பயமா இருந்தா என் கையப் பிடிச்சுக்க. ஊசி அலசுன வெள்ளம் ஒண்ணுதானே நமக்கு?"

அவள் மசியவில்லை. அவளைச் சாகவிட எனக்கு மனமில்லை. தினமும் நச்சரித்தேன்.

இதற்கிடையில் கூட்டு மருந்து (கிருமியை அடக்கிவைக்கும் மாத்திரை) தொடங்கினேன். முதலில் தலை சுற்றியது, ஆனாலும் மருந்தை விடவில்லை. போதை ஊசிக்குப் பதிலாக நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை தந்தார்கள். நர்ஸ் முன்னால் தினமும் போய் வைக்க வேண்டும். கரையும்வரை பேசக் கூடாது.

ஒருநாள் அப்படி வாய்மூடி உட்கார்ந்திருக்கையில் லில்லி வந்து நின்றாள்.

"நீ இப்பம் வாயத் தொறக்க மாட்டேல்லா, அதான் வந்தேன். வா, ரத்தம் குடுக்கணும்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கும் கிருமி இருந்தது. அழுது முடித்து, அவளும் இரண்டு மருந்தும் தொடங்கினாள்.

என் வைரல் லோடு (இரத்தத்தில் கிருமியின் அளவு) நன்றாகக் குறைந்திருக்கிறது. முன்பெல்லாம் கையைப் பார்த்தால் ஊசி இறங்க இடம் தேடுவேன். ஒரு ஊசிக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருந்ததுதான் பொழுது. இப்போது அந்தக் கைக்கு வளையல் வாங்கியிருக்கிறேன். மாத்திரை கரையும்வரை லில்லியும் நானும் பேசாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம்.

"ரெண்டு பேரும் இப்பிடியே இருந்தா ஆஸ்பத்திரிக்கு நல்லது" என்கிறார் நர்ஸ்.

கரையட்டும். பேச நிறைய இருக்கிறது.