பனி மூடிய வயலில் யாரும் நடக்கலாம்

நான் தங்கியிருக்கும் மாணவர் விடுதிக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் ஒரு கோதுமை வயல் இருக்கிறது. பயிர் நிற்கும்வரை எல்லோரும் அதைச் சுற்றித்தான் போவார்கள். பனி விழுந்து தரை இறுகியதும் ஒரே நாளில் அந்த வயல் தெருவாகிவிடும். நாயைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள், காலில் சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு வழுக்கிப் போகிறவர்கள், குழந்தையைப் பலகையில் உட்காரவைத்து இழுத்துப் போகும் தாய்மார்கள் என்று எல்லோரும் குறுக்கே போவார்கள். வயலின் ஓரத்தில் சிவப்பு வண்ணம் பூசிய மர வீடு. அதில் இருக்கும் வயல்காரர் சன்னல் வழியே பார்ப்பார், சில சமயம் கையை உயர்த்துவார், அவ்வளவுதான். நான் மட்டும் தார்ச்சாலையில் சுற்றிப் போவேன். ரயில் தவறிவிடும் என்று தெரிந்தாலும் என் கால் அந்த வயலில் இறங்காது. குளிர் காதை அறுக்கும்போதுகூட இறங்காது. உனக்குப் பனியில் நடக்கப் பயமா என்று விடுதியில் கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அதுதான் அவர்களுக்குப் புரியக்கூடிய பதில்.

நார்வேயில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 'அல்லமான்ஸ்ரெத்தன்' என்கிறார்கள். எல்லோருக்குமான உரிமை. காடு யாருடையதாக இருந்தாலும் நடக்கலாம், கூடாரம் போட்டுத் தூங்கலாம், பழம் பறித்துத் தின்னலாம். பயிர் நிலம் மட்டும் விலக்கு. ஆனால் பனி மூடிவிட்டால் அதுவும் திறந்துகொள்ளும். புதிதாக வந்த மாணவர்களுக்கு இதையெல்லாம் ஒரு பெண் விளக்கிச் சொன்னபோது நான் எழுந்து, நிலத்துக்காரர் வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் ஏன் வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டாள். அவளுக்கு என் கேள்வி புரியவில்லை. எனக்கு அவள் பதில் புரியவில்லை. இருவரும் மரியாதைக்குச் சிரித்துக்கொண்டோம்.

என் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், குன்றாண்டார்கோவில் பக்கம். பஸ் நிற்கும் சாலைக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவிலும் ஒரு வயல்தான் இருக்கிறது. சொந்தக்காரரை ஊரில் பெரியவர் என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். வயலின் நடுவே பம்ப்செட் கொட்டகையைத் தொட்டுக்கொண்டு அகலமான வரப்பு போகிறது. மோட்டார் சைக்கிளே போகலாம். பால்காரர் போவார். கரண்ட் கணக்கெடுக்க வருகிறவர் போவார். ஊர்த்தெருப் பிள்ளைகள் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போவார்கள். எங்கள் தெருக்காரர்கள் மட்டும் கண்மாய்க்கரை மேலேறிச் சுற்றி வருவோம். பலகை எதுவும் எழுதி வைக்கவில்லை. எனக்குத் தெரிந்து யாரையும் அடித்ததும் இல்லை. அந்த வயலில் என் அம்மா கால் படாத இடம் கிடையாது. நாற்று நட்டிருக்கிறார், களை எடுத்திருக்கிறார், கோடையில் கடலை பறித்திருக்கிறார். வேலைக்கு இறங்கலாம். வழிக்கு இறங்கக்கூடாது. வேலை முடிந்ததும் ஏறி, கண்மாய்க்கரை வழியாகத்தான் வீட்டுக்கு வரவேண்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு வரை அந்தக் கண்மாய்க்கரையில் ஓடித்தான் படித்தேன். தூரத்தில் பஸ் வருவது கரை மேலிருந்து தெரியும். ஊர்த்தெருப் பிள்ளைகள் அப்போதுதான் வீட்டைவிட்டுக் கிளம்புவார்கள். நான் ஓட ஆரம்பிப்பேன். அவர்கள் வரப்பில் ஆடி அசைந்து வந்து ஏறுவதும், நான் மூச்சு வாங்க வந்து படியைப் பிடிப்பதும் சரியாக இருக்கும். மழைக்காலத்தில் கண்மாய் நிரம்பிக் கலிங்கு வழியே தண்ணீர் வெளியேறினால் செருப்பையும் பையையும் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிக் கடப்பேன். நனைந்த பாவாடையோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பேன். தாமதமாக வந்ததற்கு வெளியே நிற்க வைத்த ஆசிரியரிடம் காரணத்தை ஒருநாளும் சொன்னதில்லை. அவர் அதே வரப்பில் வந்துபோகிறவர்.

புதுக்கோட்டையில் கல்லூரி படிக்கும்போது வகுப்பிலிருந்து நார்த்தாமலைக்கு அழைத்துப்போனார்கள். வேலைக்காக இல்லாமல், யாருக்கும் ஒன்றும் கொண்டுபோய்க் கொடுக்க இல்லாமல், சும்மா ஏறுவதற்காக நான் ஏறிய முதல் மலை அதுதான். மற்றவர்கள் பாதிப் பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உச்சிக்குப் போய்விட்டேன். காற்று தாவணியைப் பிடுங்கியது. கீழே பச்சையும் பழுப்புமாக நிலம் கிடந்தது. எது யாருடையது என்று அங்கிருந்து தெரியவில்லை. ஒரு வரப்புகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. மேல்படிப்புக்கு மண்ணைப் பற்றிய படிப்பை எடுத்ததற்கு இப்போது பெரிய காரணங்கள் சொல்வேன். அன்றைக்கு அந்தப் பாறையில் நின்றபோது வந்த சந்தோஷம்தான் உண்மையான காரணம். இறங்கி வந்து பஸ் ஏறி, ஊரில் இறங்கி, கண்மாய்க்கரை வழியாக வீட்டுக்குப் போனேன்.

இங்கே நடைக்குப் போவதை ஒரு விரதம்போல வைத்திருக்கிறார்கள். மழை, பனி, எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகவேண்டும். முதுகில் மூட்டை, காலில் கனத்த பூட்ஸ், மின்சாரமும் குழாயும் இல்லாத மரக்குடிலில் ராத்தங்கல். விறகு பிளந்து, ஓடையில் தண்ணீர் மொண்டு வந்து, அடுப்பு மூட்டி, என்ன சுகம் என்று பெருமூச்சு விடுவார்கள். நான் வேண்டாமென்று ஓடிவந்த வாழ்க்கையை இவர்கள் விடுமுறையில் தேடிப்போகிறார்கள். பல்கலைக்கழக மலையேற்றக் குழுவோடு முதல்முறை போனபோது எல்லோருக்கும் முன்னால் நான்தான் குடிலை அடைந்தேன். இப்படி நடக்க எங்கே பழகினாய் என்று கேட்டார்கள். பள்ளிக்கூடம் போய்ப் பழகினேன் என்றேன். நல்ல நகைச்சுவை என்று சிரித்தார்கள்.

அந்தக் குழுவில் சிநேகமானவள்தான் சில்யே. என் வகுப்புத்தோழி, உயரமானவள், வாய் ஓயாமல் பேசுகிறவள். நான் காய்ச்சலில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டவள். போன தை மாதம், பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனபோது அவளும் வந்தாள். எங்கள் பக்கத்துப் பாறைகளையெல்லாம் ஏறிப் பார்க்கவேண்டும் என்றாள். குன்றாண்டார்கோவிலில் பாறையைக் குடைந்த சன்னிதிக்குள் நின்று, சுவரைத் தடவிப் பார்த்து, வெகுநேரம் பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு டவுன் பஸ்ஸில் ஊருக்கு வந்து இறங்கினோம். பைகளைத் தூக்க அப்பா வந்து நின்றார். எதிரே வரப்பு, அதற்கு அந்தப்பக்கம் எங்கள் தெருவின் தண்ணீர்த் தொட்டி. இதில் போகலாமா என்று சில்யே வரப்பைக் காட்டிக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பம்ப்செட் நிழலிலிருந்து பெரியவர் குரல் கொடுத்தார்.

“கருப்பையா, யாரது, வெள்ளக்காரப் புள்ளையா?”

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “ஆமாங்கய்யா. மககூடப் படிக்கிற புள்ளைங்க.”

“அத ஏன்யா அங்கிட்டுச் சுத்த விடுற? இப்புடியே வரச் சொல்லு. எளநி வெட்டச் சொல்றேன்.” பிறகு என்னைப் பார்த்தார். குரலில் கொஞ்சம் பிரியம்கூட இருந்தது. “நீயும் வாத்தா. படிச்ச புள்ள, ஒனக்கென்ன.”

அப்பா இரண்டு பைகளையும் எடுத்துக் கரைப்பக்கம் திரும்பிவிட்டார். நான் அவரைப் பார்ப்பதைப் பெரியவர் கவனித்தார்.

“ஒங்கப்பனுக்கு வழி தெரியும்,” என்றார்.

“எனக்கும் தெரியுங்கய்யா,” என்றேன்.

அப்பா கையிலிருந்து ஒரு பையை வாங்கிக்கொண்டு நடந்தேன். சில்யேவுக்கு ஒன்றும் புரியவில்லை. நீ அந்த வழியாக வா, வீட்டில் பார்ப்போம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவள் கையசைத்துக்கொண்டே வரப்பில் இறங்கிப் போனாள்.

கண்மாய்க்கரையில் அப்பா எனக்கு முன்னால் நடந்தார். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டிலிருந்து பெரியவருக்குப் போன முதல் பதில் அது. அப்பா திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார் என்று நினைத்தேன். மடையைத் தாண்டியதும் சொன்னார்.

“போயிருக்க வேண்டியதுதானே.”

“நீங்க வர முடியாத வழியில நான் எதுக்குப்பா போகணும்?”

“நீ பொங்க முடிஞ்சா ஏறிப் போயிருவ ஆத்தா. விடிஞ்சா அந்த மொகத்துல முழிக்கிறது நானு.”

நான் செய்தது சரி. இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் சரியைச் சுமந்துகொண்டு அங்கேயே இருக்கப்போவது நான் இல்லை என்பதும் அப்பாவின் முதுகைப் பார்த்தபோது தெரிந்தது.

வீட்டு வாசலில் சில்யே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இன்னொரு இளநீர், எனக்காக வாங்கி வந்தது. தெருப்பிள்ளைகள் சுற்றி நின்று அவள் தலைமுடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் நீளமான வழியில் வந்தீர்களே, அழகாக இருந்ததா என்று கேட்டாள். அவள் ஊரில் அப்படித்தான், பார்ப்பதற்கு அழகாக இருக்கும் என்றுதான் சுற்றுவழியில் போவார்கள்.

“என்ன கேக்குது?” என்றார் அப்பா.

“கண்மாய் நல்லா இருந்துச்சான்னு கேக்குதுப்பா.”

“தண்ணி கெடக்குன்னு சொல்லு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நார்வே திரும்பியதும் மலையேற்றக் குழுவில் சில்யே படங்களைப் போட்டுக் காட்டினாள். குடைவரை, பாறை, எங்கள் தெரு, அம்மாவின் பொங்கல் பானை. நடுவில் பம்ப்செட் முன்னால் இளநீரோடு சிரிக்கும் பெரியவர். இந்தியாவில் நான் பார்த்த மிக அன்பான மனிதர், முன்பின் தெரியாத என்னைத் தன் நிலத்தின் வழியே கூட்டிப்போனவர் என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். அன்று திரும்பி வரும்போது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நடுச்சாலையில் நின்றுவிட்டாள். அப்போதே ஏன் சொல்லவில்லை, நான் அவரிடம் பேசியிருப்பேனே என்றாள். நீ கேட்டால் அவர் மறுக்க மாட்டார், அதுதான் பிரச்சினை என்றேன். அவள் அழுதாள். கடைசியில் நான்தான் அவளைத் தேற்றவேண்டி வந்தது. இப்போதும் நாங்கள் சிநேகிதிகள்தான். அந்தப் படத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

கோடையில் ஒருநாள் அம்மா தொலைபேசியில் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் சொன்னார், பெரியவர் வயலில் கடலை பறிப்பு முடிந்துவிட்டதாம். நீங்கள் போகவில்லையா என்று கேட்டேன். இந்த வருஷம் கூப்பிடவில்லை என்றார். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எதிர்த்த வீட்டுப் பசு கன்று போட்ட கதைக்குப் போய்விட்டார். என் அம்மா கால் படலாம் என்று இருந்த ஒரே காரணமும் போய்விட்டது. அதைப் பறித்தது பெரியவர்தான், நான் இல்லை. அதை நான் தினமும் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

இதைப் படிக்கும் ஊர்க்காரர்களில் சிலர், அந்நிய தேசத்தில் உட்கார்ந்துகொண்டு ஊர் மானத்தை எழுதுகிறாளே என்பார்கள். ஊர் மானம் அந்த வரப்பில் கிடக்கிறது. நான் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அங்கேதான் கிடக்கும். என்னைப்போலப் பிழைக்க வந்தவர்கள் கூடும் இடங்களில், நம் ஊர்போல வருமா என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து தேநீர் போடப் போய்விடுவேன். இந்த ஊரும் ஒன்றும் சொர்க்கம் இல்லை. வாடகைக்கு வீடு கேட்டபோது என் பெயரைக் கேட்டதும் அறை காலியில்லை என்று சொன்னவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். ஆனாலும் இங்கே பனி பெய்கிறது. எங்கள் ஊரில் என்ன பெய்தால் அந்த வரப்பு திறக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இந்த வருஷத்தின் முதல் கனத்த பனி போன வாரம் விழுந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சாலை முனையில் நின்றேன். யாரும் இன்னும் நடக்காத வயல் வெள்ளையாகக் கிடந்தது. இறங்கினேன். கணுக்காலுக்கு மேல் புதைந்தது. நடு வயல் வரை வந்துவிட்டேன். யாரிடமாவது காட்டவேண்டும்போல இருந்தது. நடந்துகொண்டே அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன்.

“எங்க தாயி நிக்கிற? ஒரே வெள்ளையா இருக்கு.”

“வயல்லம்மா. குறுக்க போறேன்.”

அம்மா சிரிக்கவில்லை. “யாரு வயலு?”

“அந்தா தெரியுது பாருங்க செவப்பு வீடு, அவுகளோடதும்மா. இங்க எல்லாரும் போவாக.”

“எல்லாரும் போவாக. நீ வந்துரு. ரோட்டுப் பக்கமா வந்துரு தாயி.”

அப்போது சிவப்பு வீட்டின் வாசலில் வயல்காரர் வந்து நின்று கையை உயர்த்தினார். இங்கே அதற்கு வணக்கம் என்றுதான் அர்த்தம். எனக்குத் தெரியும். அம்மா அதைத் திரையில் பார்த்துவிட்டார். கூப்பிடுகிறார் பார், வந்துவிடு, வந்துவிடு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அந்த மனிதருக்குக் கையை உயர்த்தி வணக்கம் சொன்னேன். கையைக் கீழே இறக்கியபோதுதான் பார்த்தேன். பனியில் என் தடம் சாலையிலிருந்து நடு வயல் வரை நேராக வந்து, அங்கிருந்து வளைந்து, தார்ச்சாலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது.