எல்லாரும் திரும்புங்க

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சைக்கிள் கடை மாடியில் பவானி அக்கா பிரவுசிங் சென்டர் திறந்தது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். நான்கு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சுவர் நிறைய காலண்டர். மானிட்டருக்கெல்லாம் மஞ்சள் குங்குமம். மவுஸுக்கும் வைத்தார் என்றால் இப்போது யாரும் நம்புவதில்லை. வைத்தார், என் விரலிலேயே ஒட்டியிருக்கிறது.

தினமும் ரயிலில் விழுப்புரம் போய்க் கம்ப்யூட்டர் படித்தவர் அக்கா. கல்யாணத்துக்கு அவசரப்படுத்திய வீட்டாரை எதிர்த்து நின்று கடை போட்டவர். குரல் மட்டும் கீழே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் படி அதிர மேலே ஓடுவோம். அந்தப் படிச்சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு துள்ளுகிறது.

எங்கள் எல்லாருக்கும் முதல் இ-மெயில் தொடங்கிக் கொடுத்தது அக்காதான். பாஸ்வேர்டு கேட்டு மெஷின் நின்றதும் நாங்கள் திருதிருவென்று முழிப்போம். "குலசாமி பேர வெச்சுடுடி. மறக்காது, நல்லதும் நடக்கும்" என்பார். எங்கள் பக்கத்தில் புதுப்பேனா வாங்கினாலே மேல்மலையனூர் அங்காளம்மன் பேரை எழுதித்தான் மை ஓட்டிப் பார்ப்போம். கம்ப்யூட்டரை மட்டும் விடுவோமா? வகுப்பில் பாதிப் பேருடைய மெயிலுக்கு அங்காளம்மன்தான் காவல்.

நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது யாரோ என் மெயிலுக்குள் புகுந்து, வகுப்புப் பையன்கள் அத்தனை பேருக்கும் என் பெயரில் கண்டதையும் எழுதி அனுப்பிவிட்டார்கள். ஒருவன் அதை அச்சடித்துக் கொண்டுவந்து காட்டியபோது பிடுங்கிப் பைக்குள் திணித்தேன். வீட்டில் சொல்லப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மூட்டை போடப் போன இடத்தில், யார் வாயிலிருந்தோ அது அப்பா காதில் விழுந்தது.

"நாளையிலேர்ந்து ஸ்கூலு வாணாம். கொல்லைக்கு வா, களை எடு" என்றார் அப்பா. கண்ணையன் ஒன்று சொன்னால் சொன்னதுதான் என்று ஊரே அவரைச் சொல்லும். என் படிப்பு அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

அதோடும் அவர் கோபம் ஆறவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்கே போய்விட்டார்.

"இன்னாம்மா கடை நடத்துற? வயசுப் புள்ளைங்கள கெடுத்துக்கினு!"

சில்லறை இல்லை என்றாலே சண்டைக்கு வருகிற அக்கா அன்றைக்குக் கத்தவில்லை. என்னிடம் வந்து, "ஷாலினி, உன் மெயில இங்க தொறந்து காட்டட்டுமாடி?" என்று கேட்டார். தலையாட்டினேன். ஓரமாக மரக்காணத்து மீன் வியாபாரி அப்பாதுரை உட்கார்ந்து ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார். எங்களை முன்பின் பார்க்காதவர். அக்கா அவர் மெஷினில் என் மெயில் பெயரை மட்டும் அடித்துவிட்டு, அப்பாவைக் காட்டி அவரிடம், "இவங்க குலசாமி இன்னான்னு கேளுங்க" என்றார்.

அவர் கேட்டார்.

"மேல்மலையனூர் அங்காளம்மன்" என்றார் அப்பா, அந்தக் கோபத்திலும் பெருமையாக.

"அந்த அங்காளம்மன் பேரையே இங்கிலீஷ்ல அடிங்க."

அப்பாதுரை ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். என் மெயில் திறந்துகொண்டது.

அப்பா திரையையே பார்த்தார். "அப்ப எவன் வேணா..."

"எவன் வேணா தொறக்கலாங்க அண்ணா. அத உங்க பொண்ணு எழுதல. சாமி பேர வெக்கச் சொன்னது நானு. அது ஊருக்கே தெரிஞ்ச பேருன்னு எனக்கு அப்ப ஒறைக்கல. என் தப்புக்கு அவ படிப்ப நிறுத்தாதீங்க." சொல்லும்போதே அக்கா அழுதுவிட்டார்.

அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். பாதிப் படியில் நின்று, "நாளைக்கு ஜல்தி கெளம்பு. பர்ஸ்ட் பஸ்ஸுக்கு கூட்டமா இருக்கும்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அதற்கப்புறம் அக்கா ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுப் பாஸ்வேர்டை மாற்ற வைத்தார். சாமி பேரும் கூடாது, அப்பா பேரும் கூடாது. "கூட்டாளிக்கும் சொல்லாத, எனக்கும் சொல்லாத. ஆனா இன்னா பேஜாரு ஆனாலும் அன்னிக்கே வூட்ல சொல்லிடணும்." இதைச் சொல்லும்போது மட்டும் என்னைப் பார்ப்பார். ஒரு பிள்ளை பாஸ்வேர்டு அடிக்கப் போனால் "எல்லாரும் திரும்புங்க!" என்று குரல் கொடுப்பார். கடையில் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் காலண்டர் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். ரிசல்ட் பார்க்க வந்த கூட்டமும் திரும்பும், ஜெராக்ஸுக்கு வந்த போலீஸ்காரரும் திரும்புவார். அக்காவும்தான். அந்தப் பிள்ளை "ஆச்சுக்கா" என்று சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்க்கலாம். என்னைக் கூட்டிப்போக வரும் நாட்களில் அப்பாவும் துண்டைத் தோளில் போட்டபடி காலண்டரைப் பார்த்து நின்றிருக்கிறார்.

பிறகு எல்லார் கைக்கும் போன் வந்தது. கடை மூடியது. அக்கா கல்யாணமாகிச் சென்னைப் பக்கம் போய்விட்டார். திண்டிவனம் போனால் அந்த மாடியை அண்ணாந்து பார்க்காமல் பஸ் ஏற எனக்கு மனசு வராது.

படித்து முடித்து விழுப்புரத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அப்பாவுக்கு ஏ.டி.எம். கார்டு வாங்கிக் கொடுத்தேன். முதல் தடவை நானே கூட்டிப்போனேன். பின்னால் நீளமாக வரிசை நின்றது. கார்டைச் செருகிய அப்பா, நம்பர் அடிக்காமல் வரிசையைப் பார்த்துத் திரும்பினார்.

"எல்லாரும் திரும்புங்க!"

ஒரு பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் நிறைந்தது. முதல் ஆளாக நான் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

"ஆச்சும்மா" என்றார் அப்பா.