பாக்கியத்தின் இரண்டாவது சட்டி

போன மாதம் கொழும்பிலிருந்து பதுளைக்கு ராஜமரியாதையோடு வந்தேன். ரயிலின் கடைசியில், பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த பெட்டி ஒன்று இருக்குமே — வெள்ளைக்காரர்கள் கேமராவும் கையுமாக உட்காருவார்களே — அதில்! ஆசிரியர் கருத்தரங்குக்குப் போய்த் திரும்பிய எங்களுக்கு வேறு பெட்டியில் இடம் இல்லாததால் அடித்த அதிர்ஷ்டம்.

அந்தக் கௌரவத்துக்கு ஏற்றபடி இருக்கட்டுமே என்று கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ஒரு டின் குளிர்பானமும் வாங்கிக்கொண்டேன். இறக்குமதிச் சாமான்! கட்டுப்பாடெல்லாம் நீங்கி இப்போதுதான் எல்லாம் வந்து குவிகிறதே என்பீர்கள். குவியட்டும், எனக்கு இன்னும் அது அபூர்வம்தான். திறக்க மனம் வரவில்லை. நானுஓயா தாண்டியது, அப்புத்தளை தாண்டியது. பண்டாரவளையில்தான் துணிந்து வளையத்தை இழுத்தேன். புஸ்ஸ்... ஒரு மிடறு, ஜன்னல் வழியே ஒரு பார்வை. பதுளை வந்தபோது பாதி மிச்சம் இருந்தது.

எல்லோரும் இறங்கிவிட்டார்கள். பெட்டி கூட்டுகிற பெண் ஒருவர் விளக்குமாறும் சாக்குமாக ஏறினார். நாற்பது வயதிருக்கும். கூட்டாமல் நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, குடிச்சிட்டீங்களா?"

பாவம், தாகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். டின்னை நீட்டினேன். வாங்கினார். வாசலுக்குப் போனார். தலைகீழாகக் கவிழ்த்தார்! என் பாதி டின் தண்டவாளத்தில் நுரைத்து ஓடியது.

"ஐயையோ! என்னங்க இது?"

"தண்ணி எனக்கு வேணாங்கம்மா. டின்னுதான் வேணும்."

சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து நூலில் கட்டிய ஒரு காந்தத்தை எடுத்தார். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருக்கும் வட்டக் காந்தம். அதை டின்னின் வயிற்றில் வைத்தார். ஒட்டவில்லை. அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! பரீட்சையில் பாஸான பிள்ளையின் முகம்.

"ஒட்டல! அலுமினியந்தான்!"

அப்புறம் நான் எங்கே வீட்டுக்குப் போவது? நான் டீச்சர் என்று சொல்லிக்கொண்டு, பெட்டியிலேயே உட்கார்ந்து கதை கேட்டேன்.

பெயர் பாக்கியம். மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். கல்யாணமாகிப் பதுளைக்கு வந்த பிறகு பெட்டி கூட்டுகிறார். அந்த வேலையைக் குத்தகைக்கு எடுத்த ஒரு கொந்தராத்துக்காரரிடம் நாட்கூலி. மாதம் முடிந்தால் இனி வேலை இல்லை என்று அந்தக் கொந்தராத்துக்காரர் சொல்லிவிட்டாராம். ஸ்டேஷன் ரோட்டில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் முதலாளி, கடை முகப்பில் ஒரு மூலை தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒன்றாம் தேதி அப்பம் சுட ஆரம்பித்தால் மூலை பாக்கியத்துக்கு. இல்லையென்றால் வடை சுடும் ஒருவர் காத்திருக்கிறார்.

அடுப்பு இருக்கிறது. கைப்பழக்கம் இருக்கிறது. அப்பச் சட்டி இல்லை. புதுச் சட்டி வாங்க வழியும் இல்லை.

"ஹனீபா நானா பட்டறையில அலுமினியத்த நாம குடுத்தா சட்டி வார்த்துத் தருவாருங்க. அதான் ஆறு மாசமா டின்னு சேக்குறேன். ரெண்டு சட்டிக்கு."

"ஒரு சட்டி போதாதா?"

"ஒரு சட்டியில சுட்டா, ரெண்டாவது ஆளுக்கு அப்பம் குடுக்குறதுக்குள்ள ரயிலு தெமோதர ஸ்டேஷனுக்கே போயிருமே டீச்சர்!"

யோசித்துப் பாருங்கள். தண்டவாளம் பதுளையோடு முடிந்துவிடுகிறது. கொழும்பு முதல் வழிநெடுகக் குடித்துப் போட்டதெல்லாம் ஸீட்டுக்கடியில் உருண்டு உருண்டு எங்கள் ஊருக்குத்தான் வந்து சேர வேண்டும். இத்தனை வருடம் இந்த ஊரில் இருக்கிறேன், எனக்குத் தோன்றியதா? பாக்கியத்துக்குத் தோன்றியிருக்கிறது.

நான் புவியியல் டீச்சர். பதினான்கு வருடமாகக் கரும்பலகையில் 'பாக்சைட்' என்று எழுதுகிறேன். ஏதோ ஒரு தேசத்துச் செம்மண். அதைத் தோண்டி, கப்பலில் ஏற்றி, மின்சாரத்தைக் கொட்டி உலோகமாக்கி, தகடாக்கி, டின்னாக்கி, சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி, மறுபடி கப்பலில் ஏற்றி... இத்தனையும் செய்து வந்த டின்னை நாம் பத்து நிமிடத்தில் வீசுகிறோம். வீசிய பிறகு என்ன நடக்கிறது? பாடப் புத்தகத்தில் அந்தப் பக்கமே இல்லை!

"எப்போ உருக்கறீங்க? நானும் வரலாமா?"

"ஞாயித்துக்கெழம. ஆனா அங்க பூரா கரியும் பொகையுமா இருக்கும் டீச்சர்."

இருக்கட்டுமே!

ஹனீபா நானாவின் — முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்போம் — பட்டறை பதுளு ஓயா ஆற்றுக்கு இறங்கும் சரிவில் ஒரு தகரக் கொட்டகை. என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. நான் போனபோது பாக்கியம் இரண்டு சாக்கை அவிழ்த்துக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லா டின்னும் கல்லால் நசுக்கி, வெயிலில் காயவைத்து, பப்படம் மாதிரி.

நானா ஒன்றை எடுத்து விரலால் வளைத்தார். உதட்டைப் பிதுக்கினார். ('இருக்கு' என்பது அவர் வாயில் 'ஈக்கி'.)

"இது கடதாசி மாதிரி ஈக்கி தங்கச்சி. நெருப்புல வெச்சா பாதி கசடாப் போயிரும். பழைய சட்டி, பிஸ்டன் எண்டா வேற விஷயம். இதுல ரெண்டு சட்டி வார்க்க ஏலாது."

"ஏலும் நானா. நான் கணக்குப் பாத்துத்தான் சேத்தேன்."

"ஒரு சொட்டு ஈரம் ஈந்தாலும் உருகினது மேல தெறிக்கும். தெரியும்தானே?"

"ஒவ்வொண்ணா குலுக்கிப் பாத்தேன் நானா."

நானா உலைப் பக்கம் திரும்பினார். சிரட்டைக் கரியை மூட்டினார். பாக்கியம் காற்றுச் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார். நெருப்புக்கு நடுவே இருந்த உருக்கும் பானை சிவந்தது. நசுக்கிய டின்கள் இரண்டிரண்டாக உள்ளே போயின. பெயின்ட் எரிந்த புகையில் மூன்று பேரும் இருமினோம். நீண்ட கம்பிக் கரண்டியால் நானா அழுத்திக் கிளறினார். மேலே மிதந்த சாம்பல் கசடை ஒதுக்கினார். சட்டென்று...

கண்ணாடி! பானைக்குள் ஒரு வட்டக் கண்ணாடி! கொட்டகையின் கூரையும் நானாவின் தொப்பியும் அதில் தெரிந்தன. பதினான்கு வருடம் 'வெள்ளி நிற உலோகம்' என்று எழுதிய கை என்னுடையது. அது உருகி நிற்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

மண் அச்சில் ஊற்றினார். காத்திருந்தோம். அச்சைப் பிரித்து மண்ணைத் தட்டினார். முதல் சட்டி! குழிவாக, கனமாக, இரண்டு காதுகளோடு. பாக்கியம் இன்னும் சூடு ஆறாத அதைச் சாக்கால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டாவது ஊற்றியபோது நானா பானையைக் கடைசி வரை சாய்த்ததைக் கவனித்தேன். நல்ல சகுனமாகப் படவில்லை. அச்சைப் பிரித்தார்.

ஒரு பக்கம் விளிம்பே இல்லை. யாரோ கடித்துவிட்டுப் போன பிஸ்கட் போல!

"பத்தல்ல" என்றார் நானா.

"ரெண்டு சாக்கு கொண்டாந்தேனே நானா... அம்புட்டும் எங்க போச்சு?"

அவர் அடுப்பின் பக்கத்தில் குவிந்திருந்த கசடைக் காட்டினார். பாக்கியம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அழவில்லை. கையிலிருந்த கரியைச் சேலையில் துடைத்தார், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். நானா வார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். வெள்ளிக்கிழமை ஒன்றாம் தேதி. புதுச் சட்டியை எண்ணெய் தடவிப் பழக்கவே நான்கு நாள் வேண்டும்.

"இன்னும் எத்தனை டின் வேணும் நானா?" என்றேன்.

"ஒரு பத்து ஈந்தா பாக்கலாம். உலை இன்னும் ஒரு மணித்தியாலம் நிக்கும்."

இப்போது நான் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். என் வீட்டு வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதில் பத்தொன்பது காலி டின்கள்! துபாயில் வேலை செய்யும் மச்சினர் லீவில் வரும்போதெல்லாம் கொண்டுவந்தவை. குடித்து, கழுவி, பெயர் முன்னால் தெரிகிற மாதிரி அடுக்கி வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமைதோறும் துடைக்கிறேன். சிரிக்கிறீர்களா? உங்கள் வீட்டில் எத்தனை இருக்கின்றன என்று முதலில் எண்ணிவிட்டு வாருங்கள்.

நடையா ஓட்டமா என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். கணவர் சந்தைக்குப் போயிருந்தார். கேட்க ஆள் இல்லாதது நல்லதாயிற்று — கேட்டிருந்தால் நானே மனம் மாறியிருப்பேன். அலமாரியைத் திறந்து எல்லாவற்றையும் பையில் போட்டேன். திரும்பும் வழியில் மழை! அந்த மாதத்தில் பதுளையில் மத்தியானத்துக்கு மேல் மழை வராமல் இருக்குமா? ஒரு சொட்டு ஈரம் கூடாதே... குடை முழுவதும் பைக்கு, நனைந்தது நான்.

பாக்கியம் பையைத் திறந்தார். ஒரு டின்னை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், இது வீட்டுல அழகுக்கு வெச்சதுங்களா?"

"அதெல்லாம் இல்ல. சும்மா கிடந்துச்சு."

அவர் நம்பவில்லை. ஆனாலும் காந்தத்தை எடுத்தார். முதல் டின் — டக்! ஒட்டிக்கொண்டது. இரண்டாவது — டக்! மூன்றாவது... பத்தொன்பதில் பன்னிரண்டு வெறும் இரும்பு. நான் வாரந்தவறாமல் துடைத்துப் பாதுகாத்த பொக்கிஷத்தின் லட்சணம் இது! மிஞ்சியது ஏழு.

"ஏழு பத்தாது" என்றார் நானா. உலையின் சிவப்பு குறைய ஆரம்பித்திருந்தது.

வெட்கமும் ஆத்திரமுமாக ஒரு இரும்பு டின்னைக் கையில் எடுத்தேன். காந்தத்தை வாங்கி வயிற்றில் வைத்தேன். டக். அடியில் வைத்தேன். டக். மேல் மூடியில் வைத்தேன்.

வழுக்கியது.

மறுபடியும் வைத்தேன். மறுபடியும் வழுக்கியது!

"நானா! மூடி ஒட்டல! மூடி மட்டும் அலுமினியம்!" நான் கத்திய கத்தலில் மழைக்கு ஒதுங்கியிருந்த நாய் எழுந்து ஓடிவிட்டது.

நானா வாங்கிப் பார்த்தார். "அட, மெய்தான் டீச்சர்! வளையம் இழுக்க லேசா ஈக்கட்டும் எண்டு மேலுக்கு மட்டும் போட்டீக்கான்."

தகரம் வெட்டும் கத்தரியை எடுத்தார். பன்னிரண்டு மூடிகள். நறுக், நறுக். பாக்கியம் ஒவ்வொன்றாக உலை ஓரத்தில் வைத்துச் சூடு காட்டிக் காயவைத்தார். காற்றுச் சக்கரத்தை நான் சுற்றினேன். கடித்த பிஸ்கட்டாக நின்ற சட்டி துண்டாகிப் பானைக்குள் போனது. அடுத்து ஏழு டின். கடைசியாகப் பன்னிரண்டு மூடி. என் தோள்பட்டை இன்றுவரை வலிக்கிறது. ஆனால் அன்றைக்குத் தெரியவில்லை.

கசடை ஒதுக்கினார். ஊற்றினார். பானையைச் சாய்த்துக்கொண்டே போனார்... அச்சின் வாய் வரை வந்து பளபளவென்று நின்றது.

அது ஆறும்வரை அச்சைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கூரையில் மழை கொட்டியது.

அச்சைப் பிரித்தார். பாக்கியம் முன்னால் போகவில்லை. "நீங்க பாருங்க டீச்சர், எனக்குப் பயமா இருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் பார்த்தேன். விளிம்பு முழுசாக இருந்தது! ஒரு காது மட்டும் கொஞ்சம் கோணல்.

"முழுசா இருக்கு பாக்கியம்!"

கண்ணைத் திறந்தார். அப்போதுதான் அழுதார். முதல் சட்டியையும் இரண்டாவது சட்டியையும் ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தார். கூலி பற்றி நானாவிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார். "மொதல்ல யாவாரத்த பாருங்க தங்கச்சி, பொறகு பேசலாம்" என்று அவர் கையைக் கழுவப் போய்விட்டார்.

வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? கணவர் காலி அலமாரியின் முன் நின்று, "கள்ளன் வந்தா ரேடியோவைத்தானே எடுப்பான்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். பன்னிரண்டு இரும்பு என்ற இடத்தில் மட்டும் அவருக்கு வருத்தம் வந்தது. துபாய்த் தம்பி ஏமாற்றிவிட்டதாக நினைத்தாரோ என்னவோ! விலை உயர்ந்தது என்று நாமாக நினைத்துக்கொண்டு எத்தனை சாமான்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால்தான் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை காலை, கொழும்பு ரயில் புறப்படும் நேரத்துக்கு நானும் கணவரும் ஸ்டேஷன் ரோட்டுக்குப் போனோம். தேத்தண்ணிக் கடை முகப்பில் இரண்டு அடுப்பு, இரண்டு சட்டி. பாக்கியம் ஒன்றில் மாவை ஊற்றிச் சுழற்றினார். மற்றதன் மூடியைத் திறந்தார். முதல் அப்பம் சட்டியோடு ஒட்டிக்கொண்டு கிழிந்தது. இரண்டாவது அரைகுறை. மூன்றாவது வழுக்கிக்கொண்டு இலையில் விழுந்தது: முறுகின ஓரம், பஞ்சு நடு. அதற்குள் சுமை தூக்குகிறவர்கள், பயணிகள், அவர்களை வழியனுப்ப வந்தவர்கள் என்று பெரிய கூட்டம். பாக்கியத்தின் கை இரண்டு அடுப்புக்கும் நடுவே பறந்தது.

"ரெண்டு சட்டி வேணும்னு சொன்னேன்ல டீச்சர்!" என்றார், தலை நிமிராமல்.

ரயில் அன்றைக்குச் சரியான நேரத்துக்குப் புறப்பட்டது என்று எழுதத்தான் ஆசை. விசில் ஊத வேண்டிய கார்டின் வாய் நிறைய அப்பம் இருந்தால், அவர்தான் என்ன செய்வார்?