மண்ணுக்குள் தட்டியவள்

எழுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழையில், அரியலூருக்குக் கிழக்கே ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் மண்சுவர் சரிந்தது. அன்றிலிருந்து அங்கே கல் உடைத்த கொளஞ்சியம்மாளைக் காணவில்லை.

“சுவரு விழறதுக்கு முன்னாடியே அவ மேல ஏறிட்டா. எவன்கூடவாச்சும் போயிருப்பா,” என்றான் மேஸ்திரி தர்மராஜ்.

புருஷனை இழந்தவளைப் பற்றி அப்படிச் சொன்னால் ஊர் சுலபமாக நம்பிவிடும். நம்பாதவள் இருசம்மாள் ஒருத்திதான். இருவரும் ஒரே குழியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கல் உடைத்தவர்கள். பெற்ற பெண்ணைப் பட்டினியாக விட்டுவிட்டுப் போகிறவள் இல்லை கொளஞ்சி என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெண் ஆண்டாயியைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனாள்.

பல நாள் கழித்து மழை விட்டு, மறுபடி வேலை தொடங்கியது. உச்சி வெயிலில் பெண்கள் மேலே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது குழிக்குள் கல் உடைக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. சத்தம் சரிந்து கிடந்த மண்மேட்டின் அடியிலிருந்து வந்தது. இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தம், பிறகு ஒரு தட்டு. தோள்வலியோடு கல் உடைத்த கொளஞ்சி அப்படித்தான் தட்டுவாள்.

“வெயிலுக்குப் பாறை வெடிக்குது. போய் வேலையப் பாருங்க,” என்றான் தர்மராஜ். யாரும் இறங்கவில்லை.

இருசம்மாள் மட்டும் இறங்கிப் போய் மண்ணில் காதை வைத்தாள். அந்த வெயிலிலும் மண் சில்லென்றிருந்தது.

“கொளஞ்சி,” என்றாள்.

சத்தம் நின்றது. யாரோ உள்ளே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது போலிருந்தது.

மறுநாள் காலையில் அவள் கடப்பாரையோடு மண்மேட்டில் ஏறி நின்றாள்.

“அதத் தொட்டா ஒனக்கு நாளையிலேருந்து வேல கெடையாது,” என்றான் தர்மராஜ்.

“வேணாங்க மேஸ்திரி. இத வெட்டிட்டுப் போயிடறேன்.”

தனியாக வெட்டினாள். உள்ளங்கை தோலுரிந்து கடப்பாரையில் ஒட்டியது. உச்சிப்பொழுதில் சத்தம் மறுபடி கேட்டது, இம்முறை அவள் காலுக்கு நேர் கீழே. பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி மண்வெட்டியோடு இறங்கினாள். அவள் பின்னால் இன்னொருத்தி. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் குழிக்குள் இருந்தார்கள்.

முதலில் கண்ணாடி வளையல் தெரிந்தது. கொளஞ்சி கவிழ்ந்து கிடந்தாள். தலைமேல் பெரிய பாறை. விழுந்த கணமே உயிர் போயிருக்கும் என்று பார்த்த எவருக்கும் புரிந்தது. அன்று அவள் கல் சுமக்க இறங்கியவள். கையில் சுத்தியல் இல்லை. பிடி உடைந்த அவளுடைய சுத்தியல் கொட்டகை மூலையில், மழைக்கு முன் போட்ட இடத்திலேயே கிடந்தது. பெண்கள் அதைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

போலீஸ் வந்தது. தர்மராஜ் அதற்குப்பின் குவாரிப் பக்கம் தலைகாட்டவில்லை. இருசம்மாளைச் சேர்த்துக்கொள்ளாமல் நாங்கள் இறங்க மாட்டோம் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டதால், அவளுக்கு மறுபடி வேலை கிடைத்தது. பத்து வருஷம் கல் உடைத்து ஆண்டாயியை வளர்த்துச் செட்டிகுளத்தில் கட்டிக்கொடுத்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் தாயைப் பற்றி விசாரித்தபோது ஆண்டாயியே பதில் சொன்னாள். “எங்கம்மா ஓடிப்போவலங்க. வேல செய்யறப்ப செத்துப்போச்சு.”

பிற்பாடு கைவிடப்பட்ட அந்தக் குழியில் பச்சையாகத் தண்ணீர் தேங்கியது. ஆடு மேய்ப்பவர்கள்கூட அங்கே ஆட்டை இறக்குவதில்லை. இருசம்மாள் மட்டும் துணி மூட்டையோடு துவைக்கப் போவாள். கல்லில் இரண்டு அடி அடித்துவிட்டு, துணியைக் கையில் பிடித்தபடி கொஞ்சம் நிற்பாள். தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு தட்டு கேட்கும். அதன்பிறகு அடுத்த துணியை எடுப்பாள்.