ஏழு செவ்வாய்க்கிழமைகளும் முப்பதாவது ஊசியும்

இரண்டு விரல்கள் பயிற்சிக்கு வைத்திருந்த ரப்பர் கையின் முழங்கை மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தன. அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தின. துணியில் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிற தடவல் அது. ரத்தக்குழாய் அகப்பட்டதும் வலது கை சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அதன் மேல் நேராக ஒரு கோடு போட்டது. பிறகு ஸ்பிரிட் பஞ்சை எடுத்து அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்தது.

"டெய்லரே, கோடு எங்க?" என்றார் பயிற்சி தரும் சிஸ்டர்.

"இங்கதான் போட்டேன், சிஸ்டர்."

"போட்டீங்க. யாரு அழிச்சா?"

வகுப்பில் இருந்த ஒன்பது பேரும் சிரித்தார்கள். எல்லாரும் இருபது வயதுக்காரர்கள். டெய்லருக்கு நாற்பத்தேழு. சிஸ்டரே அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

இருபத்தாறு வருடம் அவர் தையல் கடை வைத்திருந்தார். தெருவில் ரெடிமேட் கடைகள் வரிசையாக வந்தபின் அவருக்கு மிஞ்சியது ஜிப் மாற்றுவதும் கால்சட்டை நீளம் குறைப்பதும்தான். அப்போதுதான் மருத்துவமனைச் சுவரில் அறிவிப்பைப் பார்த்தார். ரத்தம் எடுக்கும் டெக்னீஷியன் பயிற்சி, ஆறு மாதம், வயது வரம்பு இல்லை. வீட்டுக்கு வந்து, "ஊசிதானே, நமக்குத் தெரியாததா?" என்றார்.

"துணி கத்தாது. அதை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க" என்றாள் மனைவி. மறுநாளிலிருந்து கடையில் மெஷின் முன்னால் அவள் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கடையில் சொன்ன நாளில் துணி கிடைக்க ஆரம்பித்தது. வாடிக்கைக்காரர்கள் முதலில் நம்பவில்லை.

டெய்லரின் விரல்களைப் பற்றி சிஸ்டருக்குப் புகார் இல்லை. பார்வைக்குத் தெரியாத குழாயைக்கூட அவை தடவியே கண்டுபிடித்தன. மற்ற பழக்கங்களோடுதான் போராட்டம். ரத்தம் நிரம்பிய குழலைத் துணி உதறுவதுபோல் உதறுவார். "உதறாதீங்க! கவிழ்த்து நிமிர்த்துங்க, எட்டு தடவை, மெதுவா!" என்று சிஸ்டர் கத்திக் கத்தி அது ஒருவழியாகப் போயிற்று.

போகாதது இன்னொன்று. தையல்காரரின் உதடு அவருக்கு மூன்றாவது கை. குண்டூசி அங்கேதான் இருக்கும். ரத்தம் எடுக்கையில் ஊசியின் உறையைக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டு, அதன்பிறகு இடது கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். அவர் கைகளோ முதலில் தோலைப் பிடித்துவிடும். வலது கையில் ஊசி. அப்புறம் உறையை யார் கழற்றுவது? வாய்தான். முதல் முறை அதைப் பார்த்த சிஸ்டர் போட்ட சத்தத்தில், ரத்தம் கொடுக்க வந்தவர் எழுந்து வாசல் வரை போய்விட்டார். இரண்டாம் முறை சத்தம் இல்லை. பதிவேட்டில் சிவப்பு மை மட்டும்: 'இன்னொரு முறை நடந்தால் பயிற்சியிலிருந்து நீக்கம்.'

அன்றிலிருந்து வீட்டில் வாயில் எதையும் வைக்காமல் பழகினார். மனைவிக்கு அது புதிதாக இருந்தது. "இருபத்தாறு வருஷமா எது கேட்டாலும் வாய் நிறைய குண்டூசி. இப்ப வாய் காலியாத்தான் இருக்கு, அப்பவும் பதிலைக் காணோம்."

திங்கட்கிழமைத் தேர்வுக்கு உட்கார வேண்டுமானால், வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் பதிவேட்டில் முப்பது பேருக்குச் சரியாக ரத்தம் எடுத்ததாகக் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம். வெள்ளி பதினொன்றரைக்கு அவரிடம் இருபத்தொன்பது இருந்தது. ரத்தம் எடுக்கும் அறையில் ஒரே ஒருவர்தான் பாக்கி.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவரைப் பார்த்ததும் டெய்லர் அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கினார். காரணம் அவர் தைக்கக் கொடுத்திருந்த ஒரு சாம்பல் நிறக் கோட்டு. "செவ்வாய்க்கிழமை வாங்க, ரெடியா இருக்கும்" என்று அதற்கு ஏழு முறை சொல்லியிருந்தார்.

பயிற்சிப் பெண்கள் இருவர் ஆளுக்கு ஒருமுறை முயன்று பார்த்துவிட்டார்கள். தலைமையாசிரியையின் வலது கையில் இரண்டு பஞ்சு ஒட்டியிருந்தது. குழலில் ஒரு சொட்டு இல்லை. இரண்டு முறை தவறினால் சிஸ்டரே எடுக்க வேண்டும் என்பது விதி. சிஸ்டர் கையுறையை மாட்டினார்.

முப்பதாவது கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. டெய்லர் அலமாரியை விட்டு வெளியே வந்தார்.

"சிஸ்டர், இவங்க கையை நான் அளந்திருக்கேன்."

தலைமையாசிரியை திரும்பிப் பார்த்தார். "அடடே, வாங்க வாங்க! ஒளிஞ்சுக்க ஆஸ்பத்திரிதான் கிடைச்சுதா? ஏழு செவ்வாய்க்கிழமை, நான் எண்ணி வச்சிருக்கேன்."

"வலது கை வேண்டாம் டீச்சர், இடது கையைக் குடுங்க."

"அது எழுதற கை. யாரையும் தொட விடமாட்டேன்."

"அதனாலதான் கேக்கறேன். வலது கை ஒம்பதேகால் இஞ்சு, இடது ஒம்பதே முக்கால். முப்பது வருஷம் போர்டுல எழுதின கை, நரம்பு அங்கதான் இருக்கும். அளவு எடுத்த அன்னைக்கே என் விரல்ல பட்டுச்சு."

"அரை இஞ்சு ஞாபகம் இருக்கு. செவ்வாய்க்கிழமை மட்டும் மறந்துபோச்சு!" என்றவர் சற்று யோசித்து இடது கையை மேசைமேல் நீட்டினார். "கோட்டுல பண்ணின மாதிரி இழுத்தடிச்சீங்கன்னா, தெரியும் சேதி."

"இடது கை புதுக் கணக்கு. ஒரே ஒரு தடவைதான்" என்று சிஸ்டர் தலையசைத்தார். ஆனால் இடத்தைவிட்டு நகராமல் டெய்லரின் தோளுக்குப் பின்னாலேயே நின்றார்.

"பேரு சொல்லுங்க, டீச்சர்."

"ஏழு தடவை ரசீதுல எழுதியும் தெரியலையா?"

"விதி, டீச்சர்."

அவர் சொன்னார். டெய்லர் படிவத்தோடு சரிபார்த்தார். கையுறை மாட்டி, முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டி, விரலால் தேடினார். இருந்தது. துடைத்தார், காயவிட்டார். இடது கட்டைவிரல் தோலை இழுத்துப் பிடித்தது. வலது கையில் ஊசி, உறையோடு. பதற்றத்தில் நாக்கு ஓட ஆரம்பித்தது. "அந்தக் கோட்டுக்கு லைனிங் துணி கிடைக்கல டீச்சர், அப்புறம் பட்டன் கடைக்காரன்..." கை மெல்ல உதட்டை நோக்கி ஏறியது.

"வாயை மூடு!"

கடைசி பெஞ்சு வரை கேட்கிற தலைமையாசிரியைக் குரல். பயிற்சிப் பெண்கள் இருவரும் நிமிர்ந்து நின்றார்கள். டெய்லரின் உதடுகள் ஒட்டிக்கொண்டன. பாதி வழி ஏறிய கைக்குப் போக இடமில்லை. அது சற்று யோசித்துவிட்டுக் கீழே இறங்கியது. இடது கை தோலை விட்டுவிட்டு வந்து உறையைக் கழற்றித் தட்டில் போட்டது. திரும்பிப் போய்த் தோலைப் பிடித்தது. ஊசி இறங்கியது.

குழலில் ரத்தம் சீராக ஏறியது. முதலில் மஞ்சள் மூடிக் குழல், அடுத்து ஊதா மூடி. பட்டையைத் தளர்த்தி, ஊசியை எடுத்துப் பெட்டியில் போட்டு, பஞ்சை வைத்தார். "அழுத்திப் பிடிங்க, மடக்காதீங்க." குழல்களை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினார், எட்டு முறை.

"எடுத்தாச்சா? வலிக்கவே இல்லையே!" தலைமையாசிரியைக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். "கோட்டு?"

"முடிஞ்சு கடையில தொங்குது. என் வீட்டுக்காரி முடிச்சா."

"அதான் முடிஞ்சிருக்கு. ரிப்போர்ட் எப்ப?"

"செவ்..." என்று தொடங்கி டெய்லர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு நாலு மணிக்கு" என்றார் சிஸ்டர். பதிவேட்டைத் திறந்தவர் பேனாவை எடுத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். "கை மேல போச்சு."

"திரும்பி வந்துடுச்சு, சிஸ்டர்."

சிஸ்டர் தட்டில் கிடந்த உறையை ஒருமுறை பார்த்தார். பிறகு முப்பதாவது வரியில், நீல மையில், கையெழுத்துப் போட்டார்.

டெய்லர் குழல்களில் பெயரும் நேரமும் எழுதி ஒட்டி, தாங்கியில் நிறுத்தி, ஆய்வுக்கூடத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனார். தைத்த துணியை மடிப்புக் கலையாமல் நீட்டுவதுபோல் இரண்டு கையாலும் நீட்டினார். உள்ளே இருந்தவர் குழல்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், சீட்டைப் படித்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினொண்ணு அம்பது" என்று சொல்லி வாங்கிக்கொண்டார்.