வரதராஜன்பேட்டையில் நிற்காத கடிகாரம்

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பெரம்பலூர் பஸ் நிலையத்தில் இறங்கினேன். டீ பதினைந்து ரூபாய். அரியலூர் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் முன்னால் சிமென்ட் லாரிகள் வரிசைகட்டிப் போனதால் பஸ் ஊர்ந்தது.

"ஜன்னலச் சாத்துங்க சார், தூசி அப்பிக்கும். ஜெயங்கொண்டத்துக்கு அரியலூர்ல மாறிக்கங்க" என்றார் கண்டக்டர்.

நான் போய்க்கொண்டிருந்தது வின்சென்ட் சார் வீட்டுக்கு. அவர் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர். நேரில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. விலையுயர்ந்த சுவிஸ் கடிகாரங்கள் மேல் பைத்தியமாய் இருப்பவர்களின் இணையக் குழுவில்தான் பழக்கம்.

அவர் ஆட்டோமேட்டிக் கட்சி. கை அசைய அசைய உள்ளே ஓர் அரைவட்டத் தகடு சுழன்று சுருள்வில்லை இறுக்கும். பின்பக்கக் கண்ணாடி வழியே அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பார். அந்தத் தகடு பாதி இயந்திரத்தை மறைக்கிறது, தினமும் சாவி கொடுக்கும் கடிகாரம்தான் மெலிது, அழகு என்பேன் நான். இரண்டு வருஷத்துக்கு முன் திடீரென்று என் கட்சிக்கு வந்துவிட்டார். சாவி கொடுக்கும் கடிகாரம் ஒன்றும் வாங்கினார். வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்தக் கடிகாரத்தை என்னிடம் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். போனில் கூப்பிட்டுச் சொன்னவர் அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்கா.

ஜெயங்கொண்டம் தாண்டி, பத்தரை மணிக்கு வரதராஜன்பேட்டை. அக்கா வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்க தம்பி. வூட்டக் கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா?"

கூடத்தில் சார் படம். பக்கத்தில் கடிகாரம். வெள்ளை முகம், நீல முட்கள், எண்களே இல்லை. எடுத்துக் காதில் வைத்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

"சாவி யாரு குடுக்கறது அக்கா?"

"நாந்தான். வாங்குன நாள்லேர்ந்து நாந்தான். அவருக்கு எடது கை வெளங்காமப் போச்சுல்ல?"

எனக்குப் புரியவில்லை. அக்காவே சொன்னார். சாருக்குப் பக்கவாதம் வந்து இடது கை அசைவற்றுப் போனது. அதில் கட்டிய ஆட்டோமேட்டிக் கடிகாரம் தினமும் நின்றுபோனது. வலது கையில் கட்டிக்கொள்ள மனசில்லை. கோலூன்றும் கை அது, கடிகாரம் இடிபடும். அதனால்தான் இதை வாங்கினார். ஒற்றைக் கையால் சாவி கொடுக்க முடியாது. காலையில் காபி குடித்ததும் அக்கா சாவி கொடுத்துக் கட்டிவிடுவார்.

"உங்ககிட்டல்லாம் சொல்லவே இல்லையா?"

"இல்லக்கா. பிடிச்சுப்போய் மாறிட்டாருன்னு நெனச்சேன்."

கடிகாரத்தை அக்கா கையிலேயே வைத்தேன். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

வேண்டாம் என்று தலையாட்டினார். "நின்னா நிக்கட்டும்னு ஒருநாள் அப்படியே வுட்டுப் பாத்தேன் தம்பி. முடியல. ராத்திரி எந்திரிச்சு வந்து குடுத்துட்டேன். எத்தன நாளைக்கு இப்படி? நீங்க கொண்டுபோயிட்டீங்கன்னா, நம்ம வூட்ல அது நிக்கவே இல்லன்னு இருக்கும்."

வாங்கிக்கொண்டேன். "ரொம்பத் திருகாதீங்க, கொஞ்சம் இறுகும், அதோட வுட்டுடணும்" என்றார்.

சென்னையில் என் பெட்டியில் இன்னும் ஆறு கடிகாரங்கள் இருக்கின்றன. கட்டும்போது ஓடும், கட்டாதபோது நின்றிருக்கும். அதை நான் பொருட்படுத்தியதே இல்லை. இதற்கு மட்டும் காலையில் காபி குடித்ததும் சாவி கொடுக்கிறேன். என்றாவது ஒரு நாள் மறந்துவிடுவேன் என்பதும் தெரியும். அதை அக்காவிடம் சொல்லமாட்டேன்.