ஆட்டுப் பாப்பா ரெக்கோட்

வெள்ளைக்காரத் துரை சீமைக்குக் கப்பலேறியபோது, பன்னிரண்டு வருடம் சமைத்துப் போட்ட என் அப்பாவுக்கு விட்டுப்போனது ஒரே ஒரு ரெக்கோட். இறத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அப்பா பங்களா அப்பு, அதாவது சமையல்காரர். ரெக்கோட்டின் உறையில் ஐந்து கறுப்பு மனிதர்கள் ட்ரம்பெட்டும் சாக்சபோனுமாக நின்றார்கள். அந்த ஜாஸ் வகைக்கு "ஹார்ட் பாப்" என்று துரை பெயர் சொல்லியிருக்கிறார். அப்பாவின் வாயில் அது "ஆட்டுப் பாப்பா" ஆகி, நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் முழுக்க அப்படியே நிலைத்துவிட்டது.

லயத்தில் கரண்ட் இல்லை. ரெக்கோட் போடும் பெட்டியும் இல்லை. இரண்டு வருடம் அது உறையோடு தகரப்பெட்டிக்குள் கிடந்தது. விருந்தாளிகள் வந்தால் அப்பா வெளியே எடுத்து, கையில் வைத்துக் கனம் பார்க்கச் சொல்வார். மெல்லிய ரெக்கோட் வளையும், இரையும். இது சீமையில் அடித்த தடித்த சாமான். துரை பங்களாவில் போடும்போது பாட்டுக்கு நடுவே ஒரு இரைச்சல் இருக்காது, ட்ரம்ஸ்காரர் அடிக்கும் சிம்பல் தாளம் மட்டும் தகரக் கூரையில் தூறல் விழுவது மாதிரிக் கேட்கும் என்பார். இருந்ததிலேயே நல்லதைத் துரை தனக்குத்தான் தந்தார் என்று முடிப்பார்.

"பாடாத பாட்டுக்கு இம்புட்டுப் பெருமையா?" என்பாள் அம்மா.

புதிய துரை சிங்களவர். பெல் அடித்தால் அப்பு வருவதில்லை என்று இரண்டு தடவை ஏசிவிட்டார். மூன்றாம் தடவை சீட்டைக் கிழித்துவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார். பெல்லில்தான் பிழை என்றார் அப்பா.

எனக்குப் பத்து வயதிருக்கும். அம்மாவின் வாயை அடைக்கவென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் ரெக்கோட்டையும் மாத்தளை டவுனுக்குக் கூட்டிப்போனார். கல்யாண வீடுகளுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டும் முஸ்லிம் நானா ஒருவரின் கடை. அவர் ரெக்கோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். விளிம்பை விரலால் தடவினார்.

"மாஷா அல்லாஹ்! ஒரு கீறல் இல்ல, வளைவு இல்ல. இப்பிடி அடிச்ச தட்டு இப்ப எங்க வருது?"

ஊசி இறங்கியது. ட்ரம்பெட் கடையை நிறைத்தது. அப்பா கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் திறந்தார்.

"சிம்பல் எங்க நானா?"

"அதான் அடிக்குதே அப்பு. சிஸ்... சிஸ்..."

"இல்ல. இது அந்த ரெக்கோட் இல்ல. துரை நல்லத எடுத்துக்கிட்டு உறைக்குள்ள டூப்ளிகேட்ட வச்சிட்டாரு."

நானா சத்தத்தைக் கூட்டினார். ரோட்டில் போன நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். அப்பா இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். நானா பாட்டை மிஞ்சிக் கத்தினார்.

"கோவிச்சிக்காதீங்க அப்பு. காத ஒருக்கா ஆசுபத்திரியில காட்டுங்க."

"என் காதுக்கு ஒண்ணுமில்ல. ஒங்க பொட்டியக் கொண்டுபோய்க் காட்டுங்க!"

நாலு பேரும் சிரித்தார்கள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு புள்ள. சிம்பல் கேக்குதா?"

எனக்கு நன்றாகவே கேட்டது. ட்ரம்பெட்டுக்குப் பின்னால், துளித் துளியாக, விடாமல் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் அத்தனை பேருக்கும் நடுவே அப்பா தனியாக நின்றார்.

"இல்லப்பா" என்றேன்.

அப்பா நானாவை ஜெயித்துவிட்ட மாதிரிப் பார்த்தார். பிறகு அந்தப் பார்வை கலைந்து, முகம் வெறுமையாகிவிட்டது. ரெக்கோட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வெளியே இறங்கினார். பஸ்ஸில் துரையை அவர் ஏசவில்லை. "பன்னெண்டு வருசம்" என்று மட்டும் ஒரு தரம் சொன்னார்.

ஆசுபத்திரிக்கு அவர் போகவேயில்லை. அடுத்த மழைக்கு முன்னமே பெல்லுக்கு மூன்றாவது தடவையும் ஏச்சு வாங்கி, பங்களா வேலை போனது. வில்கமுவ பக்கம் காடு வெட்டும் கூலிக்குப் போனோம். என் பள்ளிக்கூடமும் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஓரிடத்திலும் நான் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. துரை தன்னை ஏமாற்றிவிட்டார் என்றே அப்பா கடைசிவரை நம்பினார்.

அன்றைக்குப் பஸ்ஸில் அவர் பக்கத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தேன். அத்தனை பேரும் எதிர்த்து நின்றபோது அப்பாவைக் கைவிடாதவள் நான் ஒருத்திதான் என்று எனக்கு அவ்வளவு பெருமை.